வரிசையில் முன்னால் நின்றவர்

சேதுபாண்டி சட்டையில் எண் அட்டையை ஒட்டிக்கொண்டார். 214.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். வரிசை மாடிப்படி வரை வந்திருந்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு. இதற்கு முன் மூன்று போட்டிகள். மூன்றிலும் முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் இனி இல்லை என்று முடிவு செய்வார். மறுநாள் ஸ்கூட்டரில் அலுவலகம் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டிருப்பார்.

முன்னால் நின்ற பெண்மணி திரும்பினார்.

அமலோற்பவம் மேடம். சேதுபாண்டியின் அலுவலகக் கண்காணிப்பாளர். ஒன்பது வருடமாக அவர் எழுதும் கோப்புகளைச் சிவப்பு மையில் திருத்துகிறவர்.

புடவையில் 213.



"பல்லு எப்படி இருக்கு, சேதுபாண்டி?"

பல் பிடுங்க வேண்டும் என்றுதான் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்.

"பிடுங்கியாச்சு மேடம். உங்க மதினி வீட்டு வளைகாப்பு?"

"முடிஞ்சிருச்சு."

அவர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

213 என்று கூப்பிட்டார்கள். மேடம் உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள்.

இரண்டு நிமிடம். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தமே வரவில்லை.

வெளியே வந்த மேடம் யாரையும் பார்க்காமல் கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்து அவர். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பல்லவியைத் தாண்டவில்லை. போதும் சார், நன்றி என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அப்படியே படியிறங்கிப் போயிருக்கலாம்.

போகவில்லை.

மேடம் குழாயடியில் நின்றிருந்தார். முகமெல்லாம் ஈரம்.

"கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க நிக்கிறீங்கன்னு நெனச்சேன். கொரலே வரல. திங்கக்கெழம உங்க மூஞ்சியில முழிக்கணுமே."

"என்னையும் அனுப்பிட்டாங்க மேடம். பாதியிலயே."

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே என்ன? இன்னொரு தடவ போய்ப் பாடுங்க. நான் ரோட்டுக்குப் போயிர்றேன். ஒண்ணும் கேக்காது."

சேதுபாண்டி பெயர்ப் பட்டியல் வைத்திருந்த பெண்ணிடம் போனார். தனக்காக யாரிடமும் அவர் இப்படிக் கெஞ்சியதில்லை.

"தொண்ட அடச்சிருச்சும்மா அவங்களுக்கு. கடைசியாவாவது விடும்மா."

அவள் தயங்கினாள். பிறகு பட்டியலின் அடியில் 213 என்று மறுபடியும் எழுதினாள்.

சாலையில் நல்ல வெயில். பஸ்கள் ஹாரன் அடித்தபடி ஒன்றையொன்று முந்தின. கரும்புச்சாறு இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றார்.

ஒன்றுமே கேட்கவில்லை.

ஆனாலும் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் இறங்கி வந்தார். கையில் மஞ்சள் காகிதம். அடுத்த சுற்று சென்னையில்.

அவர் காகிதத்தை வாங்கி, அதிலிருந்த எல்லாவற்றையும் படித்தார். தேதி, நேரம், கொண்டுவர வேண்டியவை. படித்து முடிப்பதற்குள் பொறாமை கொஞ்சம் தணிந்திருந்தது.

"ஆறாங்கிளாஸ்ல பாடினது, சேதுபாண்டி. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் நான் பாடி யாரோ கேட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். நடுத்தெருவில், வாயைக்கூட மூடிக்கொள்ளாமல். ஒன்பது வருடத்தில் அவர் அந்தப் பல்வரிசையைப் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க அவருக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை.

மேடத்தைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவருடைய ஃபோன் அடித்தது. மனைவி பேச்சி. காலையில் அவர் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியவள்.

"என்னாச்சுங்க?"

"செலக்ட் ஆயிருச்சு பேச்சி! சென்னைக்கு வரச் சொல்லிட்டாங்க!"



அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அழுதுகொண்டே யாரையோ கூப்பிட்டுச் சொல்வதும் கேட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அவள் யாரைப் பற்றிக் கேட்டாள் என்று.