நேரில் வாங்க

"சட்டையைக் கழட்டிட்டு வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க" என்றது செல்போன்.

தனபால் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றான். அவன் மனைவி அங்கம்மாள் போனை அவன் தோள்பட்டைக்கு நேராகப் பிடித்தாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்துக் கிடந்தது. பத்து நாளாக அவள் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

சேலத்துத் தோல் டாக்டர் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "படம் மங்கலா இருக்கும்மா. அந்த இடத்துல உணர்ச்சி இருக்கான்னு தொட்டுப் பார்க்கணும். அது போன்ல ஆகாது. நேர்ல வாங்க."

"போன்லயே ஒரு களிம்பு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"என்னன்னு தெரியாம எப்படிம்மா எழுதறது? நீங்க பயப்படற மாதிரி தொழுநோயாவே இருந்தாலும் மாத்திரையில குணமாயிடும். வாங்க."

போன் அணைந்தது. அவள் பத்து நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தையை டாக்டர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, போன்லயே வேற டாக்டரப் பாப்பமா?"

"இதோட மூணு டாக்டரு ஆச்சு புள்ள. மூணு பேரும் நேர்ல வரச் சொல்லியாச்சு. ஆளாளுக்கு முதுகக் காட்ட நான் என்ன சினிமாவா ஓட்டறேன்?"

அங்கம்மாள் சிரிக்கவில்லை. டாக்டரைப் பார்ப்பதில் அவளுக்குப் பயமில்லை. தோல் ஆஸ்பத்திரி வாசலில் தன்னை யாராவது பார்த்துவிடுவார்களே என்றுதான் பயம்.

தனபால் ஓட்டிய தறி நின்று இரண்டு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் அனிதாவின் ஹாஸ்டல் சாப்பாடு முதல் வீட்டு அரிசி வரை அவள் கையை நம்பித்தான். ஆட்டையாம்பட்டியில் கருப்பண்ணன் நடத்தும் கைமுறுக்குக் கம்பெனியில் அடுப்படி வேலை அவளுக்கு. மற்றவர்கள் முறுக்கு ஆறட்டும் என்று காத்திருக்கும்போது, அவள் சட்டியிலிருந்து எடுத்த கையோடு அடுக்கி முடித்துவிடுவாள்.

"அக்கா கைக்கு எண்ணெயும் ஒண்ணு, தண்ணியும் ஒண்ணு" என்பாள் கூட வேலை செய்யும் வெண்ணிலா. அப்படி ஒரு கை இன்னொன்று கிடைக்காது என்று கருப்பண்ணனே வந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்படுவார்.

கட்டினவனுக்கு அந்த நோய் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அடுப்படி போய்விடும். குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லலாம். முறுக்கு தின்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லி லீவு போட்டுவிட்டு சேலம் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்பிடி மூடிட்டு உக்காந்தாத்தான் யாருடா இதுன்னு பாப்பாங்க" என்று தனபால் முணுமுணுத்தான்.

உள்ளே டாக்டர் அவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "பேனா முனையால தொடுவேன். தொடறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க."

டாக்டர் வெளுத்த இடத்தில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். தனபால், "ம்... ம்... கூசுதுங்க... ம்..." என்று ஒன்று விடாமல் சொன்னான்.

"கண்ணைத் திறங்க. இது வெறும் தேமல். வேர்வையில வர்றது. களிம்பு போட்டா கொஞ்ச நாள்ல போயிடும்."

அங்கம்மாள் தலையை ஆட்டினாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நெடுநேரம் மூட்டை சுமந்த தோள் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. அழவாவது தோன்றியிருக்கலாம், அதுவும் இல்லை.

தனபாலுக்கு வாய் திறந்துகொண்டது. "நல்லாக் கேளு புள்ள, தேமலாம்! பத்து நாளா ஊட்டுல ஒரு பேச்சு இல்லீங்க டாக்டர். ஆனா பாருங்க, இவ பயந்த ஆளே கெடயாது. கொதிக்கிற எண்ணெயில இருந்து எடுத்த முறுக்க வெறுங்கையில அள்ளுவா. சுடுதுன்னு ஒரு சொல்லு வராது."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது.

"கையைக் காட்டுங்கம்மா."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் வலது கையை மேஜைமேல் வைத்தாள். விரல்களில் பழைய தழும்புகள் கறுத்திருந்தன. சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது.

"இது எப்ப பட்டுது?"

"தெரியலீங்க. எங்க வேலையில இதெல்லாம் யாரு கணக்கு வெக்கறா."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் கண்ணை மூடிக்கோங்க. தொடறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க."

அங்கம்மாள் கண்ணை மூடினாள். தனபால் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று ஏதோ சொல்லத் தொடங்கியவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"ஏனுங்க டாக்டர், இன்னும் தொடலீங்களா?"