அஞ்சு நட்டு

வாயில் வைத்த கவளம் தொண்டைக்குள் இறங்கவில்லை, வெளியே அந்த ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள் மனைவி. "ஒண்ணரைன்னா ஒண்ணரைக்கே வந்துட்டாரு பாருங்க. எடுத்துட்டுப் போறாரு."

மெக்கானிக் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஐயோ! நாலாவது சக்கரத்தை இன்னும் டைட் பண்ணலையேடி!"

இத்தனைக்கும் அவருக்குப் பட்டப்பெயரே 'டைட்டு அண்ணன்'. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை, சொட்டுக்கூடத் தொடமாட்டார். நட்டு முடுக்குவதில் அப்படி ஒரு கறார்.

காலையிலிருந்து அந்தக் காருக்கு அகலமான சக்கரமும் டயரும் மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பதற்காகச் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார். கார் உயரத்தில் இருக்கும்போது நட்டுகளைக் கையால் திருகி வைப்பதோடு சரி. கீழே இறக்கிய பிறகுதான் டார்க் ரெஞ்சைப் போட்டு, சரியான அளவு இறுகிவிட்டது என்று அது 'டக்' சத்தம் கொடுக்கும்வரை முடுக்குவார்.

மூன்று சக்கரம் முடிந்தபோது, "சாப்பாடு ஆறுது, வர்றீங்களா இல்லையா?" என்று மனைவி கத்தினாள். அது நாலாவது கத்தல். பாவம், மனிதர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக வேலையைப் பாதியில் விட்டுப் போனார்.

"ஒண்ணரைக்கு வந்து எடுத்துக்கறேன், பொண்ண ஏத்திக்கிட்டு மத்தியானமே மலைக்குப் போறோம்ணே" என்று காரின் சொந்தக்காரர் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார். முகம் தெரியாது, குரல்தான் பழக்கம். வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனது அவர் தம்பி.

மலைப்பாதை. அத்தனை வளைவு. கூடவே ஒரு குழந்தை.

டைட்டு அண்ணன் சொந்தக்காரருக்குப் போனைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டார்.

"எடுக்க மாட்டேங்கறாரே! ஓட்டிக்கிட்டு இருப்பாரு."

"நான்தான் கூப்பிட்டுத் தொலைச்சேன்" என்று மனைவி அழவே ஆரம்பித்துவிட்டாள். "பாலத்துப் பக்கம்தான் திரும்பினாரு. ஓடுங்க!"

ரெஞ்ச், சின்ன ஜாக்கி, கைக்குக் கிடைத்த நட்டுகள் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார். சந்து பொந்தெல்லாம் புகுந்து போனதில், பாலத்துக்கு முன்னால் சிக்னலில் கார் கண்ணில் பட்டது.

"சார்! நிறுத்துங்க! சார்!"

கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். பச்சை விழுந்ததுதான் தாமதம், கார் சீறிப் பாய்ந்தது.

"அட பாவி மனுஷா, இப்பதானா உனக்கு வேகம் வரணும்?" என்று பல்லைக் கடித்தார். புது டயர் போட்டவனுக்கெல்லாம் இதே புத்தி. இவர் விரட்ட விரட்ட அது இன்னும் பறந்தது. பாலத்தில் ஏறும்போதே பின்சக்கரம் தள்ளாடுவது தெரிந்தது. ஏதோ ஒன்று தெறித்து, இவர் காதை உரசிக்கொண்டு போனது.

நட்டு!

"கடவுளே, அந்தக் குழந்தைய மட்டும் காப்பாத்து" என்று வாய்விட்டுக் கத்தினார்.

பாலம் இறங்கியதும் கார் கடகடவென்று ஆடி, ஓரமாக நின்றது. பைக்கைப் போட்டது போட்டபடி ஓடினார். உள்ளேயிருந்து இறங்கியவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருதிருவென்று விழித்தார். சட்டை முழுக்க வியர்வை.

"அண்ணே... நான் வந்து..." பயத்தில் குரலே மாறிப்போயிருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சார்! தப்பு முழுக்க என் மேல!" கையைப் பிடித்துக்கொண்டார் டைட்டு அண்ணன். "பாப்பா எங்க சார்?"

"பாப்பாவா?"

பின்சீட்டை எட்டிப் பார்த்தார். காலி. போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை, இன்னும் ஏத்தலையா! பாருங்க சார், அஞ்சு நட்டுல ரெண்டைக் காணோம்."

அந்த மனிதர் அப்போதுதான் சக்கரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நட்டுக்காகவா துரத்திக்கிட்டு வந்தீங்க?"

"பின்ன? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் சோறு திங்க முடியுமா?"

அந்த மனிதர் குனிந்து ஜாக்கியைப் பிடித்துக்கொடுத்தார். சக்கரம் சரியாக உட்கார்ந்தது, ரெண்டு புது நட்டும் ஏறியது. காரைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக முடுக்கினார். டக், டக், டக், டக், டக். மற்ற மூன்று சக்கரத்தையும் விடவில்லை.

"இனி தைரியமா அழுத்தி ஓட்டலாம். கொஞ்ச தூரம் ஓடினதும் கொண்டு வாங்க, இன்னொரு தடவை முடுக்கித் தர்றேன்."

"நீங்க ரொம்ப நல்லவருண்ணே" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. அடுத்த நிமிடம் கார் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது.

டைட்டு அண்ணன் அப்படியே சாலையோரம் உட்கார்ந்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மனைவிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தால், அது முந்திக்கொண்டு அடித்தது. காரின் சொந்தக்காரர்.

"சொல்லுங்க சார்!" என்றார் ஆசையாக. "வண்டி இப்ப எப்படிப் போகுது?"

"என்னண்ணே விளையாடறீங்க, நான் இன்னும் எடுக்கவே வரலையே!"