புங்கமரத்துக் காவல்

ஊர் ஓரத்துப் புங்கமரத்துக்கு அணில்தான் தலைவர். அந்த மரத்தில் குடியிருப்பவர்களுக்கு வரி என்று இருந்தது ஒன்றே ஒன்று: முறை வைத்துக் காவல் இருப்பது. பூனையோ பருந்தோ வந்தால் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் ஒரு தேனீ தன் கூட்டத்தின் சார்பாக வந்து நின்றது.

“மைனாக்கள் தூங்குகிற கிழக்குக் கிளையை, நாங்கள் தேன்கூடு கட்டுவதற்குத் தொழில் கிளையாக மாற்றித் தாருங்கள். பத்து வருஷத்துக்குக் காவலிலிருந்து விலக்கும் வேண்டும். எதிர் வேப்பமரத்தில் கேட்டதுமே கொடுத்துவிட்டார்கள்.”

மரத்திலேயே தேன் என்றதும் அணிலுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தலையாட்டப் போன நேரத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

“கேட்டதுமே கொடுத்த இடத்துக்கு ஏன் போகவில்லை?”

தேனீ இறக்கையைத் துடைத்துக்கொண்டது.

“போய்ப் பார்த்தோம், தலைவரே. அங்கே எல்லோருக்குமே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பருந்து வந்தால் கத்துவதற்கு ஒரு நாதி இல்லை.”

அணில் வாலைச் சுருட்டிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்தது.

“கிளையின் மேல்பக்கம் மைனாக்களுக்கே. அடிப்பக்கத்தில் நீங்கள் கூடு கட்டிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைக் காவல் உங்களுடையது.”

“காலையிலா, மாலையிலா?” என்று மட்டும் கேட்டது தேனீ.