சனிக்கிழமைக் கூஜா

"அக்கா, உங்க ஒயின் அறையில திருட்டு நடக்குது!"

கால் முறிந்து, ஐந்து மாதம் புடாபெஸ்டில் மகள் வீட்டில் கிடந்துவிட்டு போர்பாலா அக்கா எங்கள் ஒயின் ஊரான எகெருக்குத் திரும்பியதும், எதிர் அறைக்காரனான நான் சொன்ன முதல் வார்த்தை அது.

"யாருடா?"

"வேற யாரு, உங்க பக்கத்து அறை கெல்லேர்ட்தான். சனிக்கிழமை ஆனா கூஜாவும் கையுமா வருவான். ஆணியில தொங்குற சாவியை எடுத்துத் திறப்பான். கால் மணி கழிச்சு அதே கூஜாவோட கிளம்பிடுவான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

கெல்லேர்ட் ஓசியில் ஒரு சொட்டு தரமாட்டான். அவன் ஒயின் பாட்டில் பன்னிரண்டாயிரம் ஃபோரிண்ட். அக்காவின் 'காளை ரத்தம்' என்கிற சிவப்பு ஒயின் ஆயிரத்து ஐநூறுதான். பஸ் டிரைவரும் டீச்சரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வாங்குவது அதைத்தான். இருப்பதோ ஒரே பீப்பாய். அது போனால் அக்காவுக்கு ஒரு வருஷப் பிழைப்பே போச்சு.

அக்கா ஊன்றுகோலோடு படியிறங்கினாள். "திருடவே வேண்டாம்டா. பீப்பாய் மரமே கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிடும். குறைஞ்ச இடத்துல காத்து நின்னா வினிகர்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினாள்.

ஒயின் விளிம்பு வரை தளும்பியது!

கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி, இரண்டு கிளாஸில் ஊற்றினாள். நான் பயந்துகொண்டே ஒரு வாய் வைத்தேன்.

அடடா! முதலில் புளிப்புச் செர்ரி. விழுங்கியதும் தொண்டையில் லேசாக மிளகுக் காரம்.

"அக்கா, ஆயிரத்து ஐநூறுக்கு இப்படி ஒரு ஒயினா! கையெடுத்துக் கும்பிடணும்!"

அக்கா கண்ணை மூடி ருசித்தாள். "இது முழுசா என்னோடது இல்லடா."

"பார்த்தீங்களா! திருடினதுமில்லாம தண்ணியை வேற கலந்துட்டான் பாவி!"

"வாயை மூடு. செர்ரி என்னோடது. அந்த மிளகு, கெல்லேர்டோட மேட்டுத் திராட்சைத் தோட்டத்து ருசி. வாராவாரம் தன்னோட ஒயினைக் கொண்டாந்து ஊத்தி நிரப்பியிருக்கான் மகராசன். நீ பார்த்த கூஜா வரும்போது நிறைஞ்சிருக்கும், போகும்போது காலி."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமா, நீயும் ஒயின் போடுறவன்தானே? நிரப்பலைன்னா கெட்டுடும்னு உனக்கும் தெரியும். சாவி எங்க தொங்குதுன்னும் தெரியும். அஞ்சு மாசமா எதிர் வாசல்ல உட்கார்ந்து நீ என்னடா பண்ணே?"

பார்த்துக்கொண்டிருந்தேன்.