பச்சை டிக்

"அண்ணே, இந்த பிளாப்பில வைரஸ் கீதாம். ஏஜென்சிக்காரன் மூஞ்சில வீசாத கொறையா திருப்பிக் குடுத்துட்டான்."

ஆண்ட்ரூ பிளாப்பியை மேஜைமேல் வைத்தான். துறைமுகத்தில் தினக்கூலிக்கு வெல்டிங் செய்பவன். துபாய் கப்பல் பட்டறைக்கு மண்ணடி ஏஜென்சி ஒன்று ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, நேற்றுதான் கல்மண்டபத்தில் அருள்பிரகாசத்தின் டைப்பிங் கடைக்கு வந்து பயோடேட்டா அடித்து, பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போனான். பிளாப்பியும் இவர் கடையில் வாங்கியதுதான்.

"சாயங்காலம் நாலு மணிக்கு லிஸ்ட்டு துபாய்க்குப் போய்டுமாம். அதுக்குள்ள சுத்தமா ஒண்ணு குடுக்கலைன்னா என் பேரு கெடையாதுன்றான்."

"வேற பிளாப்பில போட்டுத் தரேன், இரு."

"உங்க கம்ப்யூட்டர்லயே வைரஸ் கீதுன்னு சொல்றாங்கோ."

அருள்பிரகாசத்துக்குச் சுருக்கென்று ஏறியது. பன்னிரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறார். இப்படி ஒரு சொல் கேட்டதில்லை.

"என் கம்ப்யூட்டர்லயா? இதுக்கு நெட்டு கனெக்‌ஷனே கெடையாதுப்பா. கதவ சாத்திக்கினு வூட்ல குந்திகினு கீறவனுக்கு எங்கேந்து நோவு வரும்? அதுக்கு மேல ஆன்ட்டி வைரஸும் காசு குடுத்து வாங்கிப் போட்டுகீறேன். தோ பாரு, பச்சை டிக் காட்டுது."

காட்டியது. 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது' என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ எழுதி, பக்கத்தில் பெரிதாகப் பச்சை டிக்.

"அப்ப வைரஸ் எப்படிண்ணே வந்திச்சு?"

"அந்த ஆன்ட்டி வைரஸ் கம்பெனிக்காரன் வேலைதான். வைரஸ வுட்றதும் அவனுங்கோ, மருந்து விக்கிறதும் அவனுங்கோ. புள்ளையையும் கிள்ளிவுட்டு தொட்டிலையும் ஆட்றானுங்கோ. வா, இன்னிக்கு உண்டு இல்லைன்னு பண்ணிட்றேன்."

ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினார். பாரிமுனை வரைக்கும் வாய் ஓயவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

கம்பெனி ஒரு மாடி அறைதான். சர்வீஸ் பார்க்கும் பரசுராமன், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனவர், இவர் வந்த வேகத்தைப் பார்த்து மூடி வைத்துவிட்டார்.

"இன்னாய்யா மருந்து விக்கிறீங்க? பச்சை டிக்குன்னு நம்பினேன். இவன் பொழப்பு போவப் போவுது. ரெண்டு கொழந்தைங்க இவனுக்கு. யார் பதில் சொல்றது?"

"சார், உக்காருங்க. அந்த டிக் எல்லா வைரஸுக்கும் பொறுப்பு ஏத்துக்காது. கடைசியா நீங்க போட்ட மருந்துக்குத் தெரிஞ்ச வைரஸ் எதுவும் இல்லைன்னு மட்டும்தான் சொல்லும். கஸ்டமருங்க கொண்டாற பிளாப்பி வழியா புதுசு புதுசா வருது. அதுக்குத்தான் மாசா மாசம் புது மருந்து அனுப்ப..."

"மாசா மாசமா? ஒரு கடுதாசி கூட வரல. வாங்கறப்போ பல்லைக் காட்டுவீங்கோ, அப்புறம் ஆளே அட்ரஸ் இல்ல. ஃபிராடு கம்பெனி."

பரசுராமன் ஆண்ட்ரூ நீட்டிய நீல பிளாப்பியை வாங்கித் திருப்பினார். மேலே அருள்பிரகாசத்தின் கடை லேபிள். அதன் ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டார்.

"இது புது பிளாப்பிதானேங்க?" என்று ஆண்ட்ரூவிடம் கேட்டார்.

"புதுசுதான் சார். என் கண்ணு முன்னாலதான் அழிச்சு சுத்தம் பண்ணிக் குடுத்தாரு."

பரசுராமன் அருள்பிரகாசத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"எங்க தப்புதான் சார். மன்னிச்சிடுங்க."

உள்ளே இருந்த மேனேஜர் தலையைத் தூக்கி முறைத்தார். பரசுராமன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பத்து நிமிஷத்தில் பிளாப்பியைச் சுத்தம் செய்து, 'தாமதத்துக்கு நாங்களே காரணம்' என்று ஏஜென்சிக்கு ஒரு கடிதமும் எழுதி ஆண்ட்ரூ கையில் கொடுத்தார். அவன் மண்ணடிக்கு ஓடினான்.

"இது உங்க கம்ப்யூட்டருக்கு. போனதும் போட்டுடுங்க சார்" என்று ஒரு கவரை அருள்பிரகாசத்திடம் நீட்டினார்.

"அப்பிடி வா வழிக்கு" என்று பிடுங்கிக்கொண்டு இறங்கினார் அருள்பிரகாசம்.

நாலரைக்கு ஆண்ட்ரூ போன் செய்தான். பேர் லிஸ்ட்டில் ஏறிவிட்டது. "எல்லாம் உங்களாலதான்ணே. நீங்க சத்தம் போட்டதாலதான் அவன் வழிக்கு வந்தான்."

"பின்ன? இவனுங்களையெல்லாம் இப்படித்தான் கேக்கணும்" என்றார் அருள்பிரகாசம். எதிர் டீக்கடைக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

போனை வைத்துவிட்டுக் கவரைப் பிரித்தார். நீல நிற பிளாப்பி, கூடவே இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ். நோட்டீஸைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். கை பழக்கத்தில் மேஜை டிராயரைத் திறந்து, மேலே ஒட்டக் கடை லேபிளை எடுத்தது.

டிராயரில் இதே மாதிரி நீல பிளாப்பி இன்னும் இரண்டு கிடந்தன. இதே மாதிரி கவரில் தபாலில் வந்தவைதான். தீபாவளிக்கு காலண்டர் அனுப்புகிற மாதிரி எவனோ மாசா மாசம் விளம்பரத்துக்கு ஓசியில் அனுப்புகிறான் என்று நினைத்து, அழித்து, லேபிள் ஒட்டி, 'புதுசு' என்று பதினைந்து பதினைந்து ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்.

லேபிளை மேஜைமேல் வைத்துவிட்டார். கையிலிருந்த பிளாப்பியைத் திருப்பினார். பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்தது:

'ஐயா, மாசா மாசம் அனுப்பினது இந்த மருந்துதான். இதையாவது அழிச்சு வித்துடாதீங்க.'