புயல் சொன்னா சரி

முன்பெல்லாம் பொய் சொல்ல வாய் ஒன்று போதும். இந்தக் காலத்து ஆட்கள் அதற்கும் மெஷின் வாங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக ஓடிய விளக்கை முறைத்தபடி பெரியவர் இப்படித்தான் நினைத்தார்.

“வீட்டுப் பிளான் வரையற கம்ப்யூட்டர்னு சொன்னீங்க, மாப்ளே. இது என்ன, சர்க்கஸ் கூடாரம் மாதிரி மினுக்குது?”

மருமகன் தொண்டையைக் கனைத்தான். “உள்ளே சூடாகாம இருக்க ஃபேன் மாமா. விளக்கு சும்மா கூடவே வருது.”

“சும்மா வர்றதுதான் வினை.”

பெரியவருக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. வீட்டில் இருந்த கேரம் போர்டைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தவர். மருமகன் பகலெல்லாம் வீட்டிலேயே கிடப்பதாகவும், மூடிய அறைக்குள்ளிருந்து துப்பாக்கிச் சத்தம் வருவதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. வேலையை விட்டுவிட்டு விளையாடுகிறான் என்று உறுதியானால் மகளை இன்றைக்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்ற முடிவோடுதான் கம்ப்யூட்டர் கடைக்குக் கூடவே கிளம்பி வந்தார்.

இதைக் காலையில் மனைவியிடம் மட்டும் சொன்னார். முழங்கால் வலிக்கு மகள் கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்ள, மத்தியானமானால் அங்கே போய்விடுபவள் அவள். “அங்கேதானே கிடக்கிறே, ஒண்ணும் கண்ணுல படலையா?” என்று கேட்டதற்கு, பாவம், “கம்ப்யூட்டர்னா கரண்டுல ஓடுமாங்க?” என்றாள்.

உலகத்தில் சூதுவாது தெரியாத ஒரே ஜீவன் அதுதான் என்று பெரியவர் எல்லோரிடமும் சொல்வார். தானும் இதுவரை வாய் திறந்து ஒரு பொய் சொன்னதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்.

“ஆபீஸ் வேலைக்கு இந்த கிராபிக்ஸ் கார்டு ரொம்ப அதிகம் சார், சின்னதே போதும்” என்றாள் கடைப் பெண்.

பெரியவர் நிமிர்ந்தார். “கேட்டீங்களா? விக்கிற பொண்ணே வேணாங்குது!”

“இல்லை மாமா, கட்டடத்தை நாலு பக்கமும் திருப்பிக் காட்டணும்ல, அதுக்கு...” என்று இழுத்தபடி மருமகன் போனோடு ஒரு மூலைக்குப் போனான். குசுகுசுவென்று பேசிவிட்டுத் திரும்பினான். “ரேமை வேணா பாதியா குறைச்சுக்கலாம், பின்னால சேர்த்துக்கலாம். கார்டுலயும் ஸ்கிரீன்லயும் மட்டும் கை வைக்கக் கூடாதுன்னு புயல் சொல்லிட்டாங்க.”

“புயலா? அது யாரு?”

“தெரிஞ்சவங்க மாமா. பட்டப்பேரு. இந்த விஷயத்துல கரை கண்டவங்க. அவங்க சொன்னா அப்பீலே இல்லை.”

“மனுஷங்களுக்கு வைக்கிற பேரா அது? அடிச்சா ஊரே காலியாகும்.”

“ஆகும் மாமா” என்றுவிட்டு மருமகன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடைப் பெண் பேச்சை மாற்றினாள். “இந்த ஸ்கிரீன்ல வினாடிக்கு நூத்து நாப்பத்து நாலு தடவை படம் மாறும், ஐயா.”

“அதென்னம்மா பிரமாதம்? இங்கே ஒருத்தர் பேச்சு அதைவிட வேகமா மாறுது.”

கடைசியாக நாற்காலி. மருமகன் பனைமரம் போல வளர்ந்தவன். ஆனாலும் ஒவ்வொரு நாற்காலியையும் அமுக்கிப் பார்த்து, “இன்னும் கீழே இறங்காதா? கால் தொங்கக் கூடாது” என்றான். உள்ளே வேறு ஒன்று இருக்கிறது என்று பெண் சொல்ல, இருவரும் போனார்கள்.

‘பனைமரத்துக்கு எதுக்குக் குட்டி நாற்காலி? இதிலும் ஏதோ தில்லுமுல்லு’ என்று பெரியவர் முணுமுணுத்தார்.

மருமகன் மேஜைமேல் மறந்துவிட்டுப் போன போன் அலறியது. பெரியவர் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினார். பு... ய... ல்.

சரி, வசமாக மாட்டினான். பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தார். மூச்சுக்கூட விடவில்லை. கூட்டாளியே வாயைத் திறக்கட்டும்.

அந்தப் பக்கம் படபடவென்று துப்பாக்கிச் சத்தம். அதற்கும் மேலே ஒரு குரல்.

“மாப்ளே, கார்டை விட்டுடாதீங்க! உங்க ஆபீஸ் டப்பா உறைஞ்சு உறைஞ்சு நிக்குது. ஒருத்தனைச் சுடுறதுக்குள்ளே நான் ரெண்டு தடவை செத்துட்டேன். புதுசு வந்துட்டா உங்க வேலைக்கு இடைஞ்சல் பண்ண மாட்டேன். ஆமா, அந்த மனுஷன் நம்பிட்டாரா?”

கரண்டில் ஓடுமா என்று காலையில் கேட்ட அதே குரல்.

பெரியவர் போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார். மகளை அழைத்துக்கொண்டு போவதென்றால், இனி யாரிடம் கொண்டுபோய் விடுவது?

மருமகன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். போன் வெளிச்சமாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. “யா... யாரு மாமா பேசினது?”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். இருக்காது, இருக்கவே இருக்காது என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார். படியிறங்கும்போது திரும்பாமலேயே சொன்னார்.

“ராங் நம்பர்.”