பர்னர் கழுவிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்ததும் ஓட்டல் சமையல்கட்டின் கதவைச் சிலுவைராஜ் உள்பக்கம் தாழிட்டான்.

பெண்டாட்டி கித்தேரி பூசை முடிந்து திரும்புவதற்குள் நான்கு பர்னரையும் கழற்றிக் கழுவி மாட்டிவிட வேண்டும்.

அவள்தான் அங்கே சமையல்காரி. அவள் இருந்தால் தொட விடமாட்டாள். போன சீசனில் கேஸ் அடுப்பு வந்த நாள் முதல் அதைத் துடைப்பதும் பற்றவைப்பதும் அவள் ஒருத்திதான்.

"எரியிற அடுப்ப எதுக்கு நோண்டுறீங்க?" என்பாள்.

எரியத்தான் செய்தது. மஞ்சளாக, புகை கக்கிக்கொண்டு. பாத்திரமெல்லாம் கரி. நேற்று மதுரையிலிருந்து வந்த ஒருவர் வெள்ளைச் சோற்றில் கிடந்த கரித்துண்டை விரலில் ஒற்றி எடுத்து முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டிவிட்டார்.

முதலாளி சேனாதிபதி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"நாளைக்கு மத்தியானப் பந்தி வரைக்கும் பாப்பேன், சிலுவை. மறுபடி கரி விழுந்துச்சு, அடுப்ப லாரியில ஏத்திருவேன். வத்தலக்குண்டுல கேக்குறதுக்கு ஆளு இருக்கு. நமக்கு விறகே போதும்."



ஈர யூக்காலி விறகை ஊதி ஊதித்தான் கித்தேரியின் கண் கெட்டது. இனிமேல் புகை பட்டால் நான் பொறுப்பில்லை என்று மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்காகத்தான் அவன் முதலாளியின் பின்னாலேயே நாயாய் அலைந்து இந்த அடுப்பை மலையேற்றினான். வந்த பிறகு அவளுக்குக் கண்ணில் நீர் வடிவது நின்றது. இப்போது எல்லாம் சரியாகப் போச்சு என்று அவளே சொன்னாள்.

முதல் பர்னரைக் கழற்றித் தரையில் தட்டினான்.

பொங்கிய பாலும் பருப்பும் காய்ந்து கிடக்கும் என்று நினைத்திருந்தான். உதிர்ந்தது சாம்பல். பொருக்குப் பொருக்காக.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விறகடுப்பில் பாத்திரம் ஏற்றும்போது அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசுவார்கள். கரி பிடித்தாலும் தேய்க்க லேசு. கித்தேரி கேஸ் அடுப்புக்கும் அதை விடவில்லை. கொல்லையில் இருக்கும் வெந்நீர் அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி வந்து பூசியிருக்கிறாள். அது காய்ந்து உதிர்ந்து பர்னரின் கண்களையெல்லாம் அடைத்துவிட்டது.

"அடிப் பாவி மகளே," என்றான் சத்தமாக. ஆள் இல்லாத சமையல்கட்டில் அது சந்தோஷமாக ஒலித்தது.

அப்படியானால் அடுப்பில் கோளாறு இல்லை. லாரிக்கும் சோலி இல்லை.

கை பரபரத்தது. பர்னர்களைச் சோடா கரைத்த வெந்நீரில் முக்கினான். குடைக்கம்பி முனையால் துளை துளையாகக் குத்தினான். தேங்காய் நாரால் தேய்த்தான். சைக்கிள் பம்பை வைத்து அழுத்தினான்; சாம்பல் தண்ணீர் மறுபக்கம் பீறிட்டு அவன் மீசையை நரைக்க வைத்தது. ஒன்றைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஒரு துளை பாக்கியில்லாமல் வெளிச்சம் வந்தது.

வெந்நீர் அடுப்பின் மேல் பரப்பி ஈரம் போகக் காய வைத்தான். மாட்டினான்.

தகரக் கூரையில் மழை இறங்கியது. கதவு இடிபட்டது.

"ஏலே சிலுவை, தெற. உள்ள என்ன, சாராயமா காச்சுற?"

சேனாதிபதி உள்ளே வந்தார். பின்னால் ஒரே குடையில் கித்தேரியும், காய் நறுக்கும் அடைக்கலமேரியும்.

"வழுக்குதாம். கோயில்லருந்து அக்கா என் கைய விடவே இல்ல," என்றாள் அடைக்கலமேரி, முழங்கையைத் தடவிக்கொண்டே. "புதுப்பொண்ணு மாதிரி."

கித்தேரி சிரித்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே உலைப்பானையைத் தூக்கினாள்.

"அங்கயே நில்லுங்க. யாரும் கிட்ட வராதீங்க," என்றான் சிலுவைராஜ்.

மழை வலுத்தது. கூரைச் சத்தத்தில் அதன் பிறகு யார் பேச்சும் எடுபடவில்லை.

அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தீக்குச்சியைக் கிழித்தான்.

ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. நான்கும்.

அவனே இப்படிப் பார்த்ததில்லை. சின்னச் சின்ன நாக்குகள், எல்லாம் ஒரே உயரம். மஞ்சள் ஒரு துளி இல்லை. சுத்த நீலம்.

ஒரு எவர்சில்வர் தட்டை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினான். திருப்பி முதலாளியிடம் நீட்டினான். சேனாதிபதி விரலால் அடியைத் தடவினார், சுட்டது, உதறினார். அந்த விரலைத் தன் வெள்ளை வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

அவர் வாசல் பக்கம் கையை வீசினார். லாரி வேண்டாம் என்று அர்த்தம். அடைக்கலமேரி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பையே பார்த்தாள்.

சிலுவைராஜுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இனி புகை இல்லை. கரி இல்லை. இந்த அடுப்பு எங்கேயும் போகாது. அவன் நகர்ந்து வழிவிட்டு, கித்தேரியைப் பார்த்தான்.

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அடுப்புக்கு நேர் எதிரே நின்றாள். நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. நான்கு பர்னரும் அவள் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தன.

மழைக்கு மேலே குரலை உயர்த்தி அவள் கேட்டாள்:

"தீப்பெட்டி நமத்துப் போச்சாங்க? இன்னும் பத்தவைக்காம ஏன் நிக்கிறீங்க?"